குமிழி விடாத ஜாடி

கை நீட்டி வருகிறவரிடம் "முதல்ல கையைக் கழுவிட்டு வாங்க" என்று சொல்ல எல்லாருக்கும் வாய் வராது. வெந்நீர் அத்தைக்கு வரும். பெரிய ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டரிடமே ஒருமுறை சொல்லிவிட்டாள். அவரும் மறுபேச்சில்லாமல் போய்க் கழுவிக்கொண்டு வந்தார். என்ன கேட்க வந்தோம் என்பது மட்டும் அதற்குள் அவருக்கு மறந்துவிட்டது.

அத்தை வேலை பார்ப்பது அந்த ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னலே இல்லாத ஒரு நீளமான அறையில். ஆபரேஷன் முடிந்த கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் ஒரு கதவு வழியாக அழுக்காக உள்ளே வரும். தேய்த்து, அலசி, பச்சைத் துணியில் பொட்டலம் கட்டி, பீரோ அளவுக்கு இருக்கும் ஆவி இயந்திரத்தில் வைத்து எடுத்தால் இன்னொரு கதவு வழியாகச் சுத்தமாக வெளியே போகும். பொட்டலத்தின் மேல் ஒரு நாடா ஒட்டியிருப்பார்கள். போதுமான சூடு பட்டால்தான் அதில் கறுப்புக் கோடு தெரியும். கோடு தெரியாத பொட்டலத்தை யார் வந்து கெஞ்சினாலும் அத்தை தர மாட்டாள். அவள் கை பட்டுப் போன சாமானால் ஒரு நோயாளிக்குக்கூடச் சீழ் வைத்ததில்லை. இதில் கிண்டல் எதுவும் இல்லை.

கிண்டல் இனிமேல்தான். ஆஸ்பத்திரியில் செய்ததை எல்லாம் அத்தை வீட்டிலும் செய்தாள். துடைத்துத் துடைத்தே அவளுடைய போனில் எண்கள் அழிந்துபோய்விட்டன. எந்தப் பொத்தான் எது என்று அவள் விரலுக்கு மட்டும்தான் தெரியும். வாசலில் ஒரு செருப்பு, கூடத்துக்கு ஒரு செருப்பு, சமையலறைக்கு ஒரு செருப்பு. வருகிறவர்கள் எந்த எல்லையில் எதைக் கழற்றுவது என்று தெரியாமல் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போய்விடுவார்கள். மதியச் சாப்பாட்டு டப்பாவின் மேல் அந்தக் கோடு போட்ட நாடாவையும் ஒட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போவாள். எதையும் வெந்நீரில் போட்டு எடுக்காமல் தொட மாட்டாள் என்பதால் சொந்தக்காரப் பிள்ளைகள் வைத்த பெயர்தான் வெந்நீர் அத்தை. அது அவள் காதுக்கும் எட்டியது. அவள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள்.

சமையலும் அதே கதைதான். காய்கறியைக் கொதிக்க விட்டால் அது காயா கறியா என்று அடையாளம் தெரியாமல் போகும் வரைக்கும் விட மாட்டாள். கிருமி போயிற்று, கூடவே ருசியும் போயிற்று. அவளைப் பார்க்க வருகிற எல்லாரும் படியேறும்போதே "சாப்பிட்டுட்டுதான் வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை குட்டி இல்லை. இருந்த ஒரே தம்பியின் ஒரே மகள்தான் அவளுக்கு உசிர். அந்தப் பெண்ணும் "சாப்பிட்டுட்டேன் அத்தை" என்றுதான் உள்ளே நுழைவாள். அடிபட்டால் கட்டுப் போட அத்தையைத் தேடி வருவார்கள், கறை போகவில்லை என்றால் வருவார்கள். அவள் கையால் எதையாவது ஆசைப்பட்டு வாங்கிச் சாப்பிட இதுவரை ஒருவரும் வந்ததில்லை. இது அத்தைக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்து பழகிவிட்டாள்.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, கல்யாணம் நிச்சயமான கையோடு தம்பி மகள் வந்து சோபாவின் நுனியில் உட்கார்ந்து அதைக் கேட்டபோது, அத்தை கையில் இருந்த துடைக்கும் துணியைக் கீழே வைத்தாள்.

"அத்தை, என் கல்யாண விருந்துக்கு ஒயின் நீங்கதான் செஞ்சு தரணும். வர்றவங்களுக்கு ஆளுக்கு ஒரு சின்ன கிளாஸ்."

"ஒயினா? உங்கம்மாதானே வருஷா வருஷம் போடுவா?"

"அம்மாது வேணாம் அத்தை. உங்களுக்கே தெரியும்."

தெரியாமல் என்ன. தம்பி மனைவி பேக்கரியில் மாவு பிசைகிறவள். ஒவ்வொரு பழப் பருவத்திலும் வீட்டில் ஒரு ஜாடி ஒயின் போடுவாள். அது ஒன்று காடியாகிவிடும், இல்லை வெடித்துவிடும். ஒருமுறை எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது ஒரு பாட்டிலின் மூடி கிளம்பிப் போய் மின்விசிறியில் பட்டுத் தெறித்து, விருந்துக்கு வந்த ஒருவருடைய கண்ணாடியைக் கழற்றிவிட்டது. அவள் வீட்டு ஒயினைக் குடிக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, மருந்து குடிக்கிற முகத்தோடு "நல்லா இருக்கு" என்பார்கள். மிச்சத்தை அவள் ஜன்னல் கண்ணாடி துடைக்க வைத்துக்கொள்வாள். அதற்கு அது உண்மையிலேயே நல்லது.

"சரி, செஞ்சுடறேன்" என்றாள் அத்தை. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அந்தப் பெண் போன பிறகு சோபாவைத் துடைக்க மறந்துவிட்டாள் என்பதை வைத்துத்தான் அவளுடைய சந்தோஷத்தை அளக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. அத்தை ஒரு பெரிய கண்ணாடி ஜாடி வாங்கினாள். கூடை கூடையாகக் கறுப்புத் திராட்சை வாங்கினாள். கடைக்காரரிடம் ஈஸ்ட் பொட்டலமும், ஒயின் கெடாமல் இருக்கப் போடும் கிருமிக்கொல்லி மாத்திரைகளும் வாங்கினாள். பிறகு தலையில் தொப்பி, முகத்தில் முகமூடி, கையில் உறை. திராட்சையை வெந்நீரில் போட்டு அலசிய அலசலில் தோல் தனியே, பழம் தனியே என்று பிரிந்து அழுதன. சாற்றைப் பிழிந்து கொதிக்க வைத்தாள். ஜாடியைக் கொதிக்க வைத்தாள். கரண்டியை, துணியை, வடிகட்டியை, வடிகட்டியைத் தொங்கவிடும் ஆணியைக்கூடக் கொதிக்க வைத்தாள்.

ஈஸ்ட் பொட்டலத்தின் பின்புறம் 'வெதுவெதுப்பான நீரில் கரைக்கவும்' என்று போட்டிருந்தது. வெதுவெதுப்பு என்ற சொல்லே அத்தைக்கு ஆகாது. அவள் தொழிலில் ஒன்று கொதிக்க வேண்டும், இல்லை உறைய வேண்டும். நடுவில் இருக்கும் சூட்டில்தான் கிருமிகள் குடும்பம் குட்டியோடு பெருகும். அச்சடித்தவன் விவரம் தெரியாதவன் என்று முடிவு கட்டி, பொங்கி இறக்கிய தண்ணீரில் ஈஸ்டைக் கொட்டினாள். பொட்டலத்தில் இருந்த அத்தனை உயிரும் போன இடம் தெரியவில்லை.

ஜாடிக்கு ரப்பர் வளையம் வைத்து இறுக மூடி போட்டு, மூடியிலிருந்து ஒரு குழாயை எடுத்து ஒரு தம்ளர் தண்ணீருக்குள் விட்டிருந்தாள். ஒயின் நொதிக்க ஆரம்பித்தால் காற்று அந்தக் குழாய் வழியாக வந்து தண்ணீரில் குமிழி விடும். அத்தை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். வேலைக்குப் போய் வந்து பார்த்தாள். கிணற்றில் போட்ட கல் மாதிரி இருந்தது ஜாடி. இன்னொரு பொட்டலம் வாங்கினாள். இந்த முறை தண்ணீரின் சூட்டைக் கொஞ்சம், வேண்டா வெறுப்பாகக் குறைத்தாள். ஆனால் சூடு குறைந்த பாவத்துக்குப் பரிகாரமாக மாத்திரையைக் கூட்டினாள். அட்டையில் ஒன்று போடச் சொல்லியிருந்தது. ஒற்றை மாத்திரைக்குப் பயப்படுகிற கிருமியை அவள் இதுவரை பார்த்ததில்லை. ஒரு கைப்பிடி போட்டாள். ஜாடி முன்னைவிட அமைதியாகிவிட்டது.

தம்பி எட்டிப் பார்க்க வந்தான். பஸ் டிரைவர். வாயைத் திறந்தால் மூட மாட்டான். ஆனால் அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவில் மட்டும் மிகுந்த எச்சரிக்கையோடு வண்டி ஓட்டுகிறவன். ஜாடியைக் குனிந்து பார்த்தான். ஒளி ஊடுருவிக்கொண்டு போகும் அளவுக்குத் தெளிவாக, சிவப்பாக, அசையாமல் இருந்தது அது.

"அக்கா, இது ஒயின் இல்ல. நோயாளிக்கு ஏத்துற குளுக்கோஸ் மாதிரி இருக்கு."

"கொஞ்சம் நாள் ஆகும்."

"எத்தனை நாளானாலும் இது இப்படியே இருக்கும்க்கா. அடுத்த கல்யாணத்துக்கும் இப்படியே இருக்கும்." பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "அவளும் ஒரு ஜாடி போட்டிருக்கா. வழக்கம்போல பொங்கி வழியுது. அதுல ரெண்டு கரண்டி நுரையை வாங்கி இதுல ஊத்தினா கிளம்பிடும்னு சொல்றா."

"அவ எப்படிச் சொன்னா? நீ இங்க நடக்கிறதை எல்லாம் அங்க போய் ஒப்பிக்கிறியா?"

தம்பி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதை உணர்ந்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றான். அன்று அவனுக்கு விடுமுறை.

அத்தைக்கும் தம்பி மனைவிக்கும் சண்டை என்று சொல்ல முடியாது. சண்டை போட்டிருந்தால் எப்போதோ சமாதானம் ஆகியிருக்கும். தம்பி மகள் கைக்குழந்தையாக இருந்த சமயம். பேக்கரியில் வேலை முடித்து, முழங்கை வரை மாவு ஒட்டியிருக்க, ஓடோடி வந்து குழந்தையைத் தூக்கக் கை நீட்டினாள் பெற்றவள். குழந்தையை மடியில் வைத்திருந்த அத்தை, "மாவுக் கையோட பிள்ளையைத் தொடாதே. போய்க் கழுவிட்டு வா" என்றாள். தப்பான எண்ணத்தில் சொல்லவில்லை. தலைமை டாக்டரிடம் சொன்ன அதே குரலில்தான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு அந்தக் கூடத்தில் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், பேக்கரிக்காரியின் கை நீட்டியபடியே நின்றது. அவள் போய்க் கழுவிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு அத்தை அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மரியாதை கிடைத்தது, மரியாதையைத் தவிர வேறு எதுவும் கிடைக்கவில்லை. அத்தையும் நாடா ஒட்டிய டப்பாவைக் கையோடு கொண்டுபோய், அவர்கள் வீட்டு மேஜையில் அதைத் திறந்து சாப்பிட்டு, தன் பங்குக்கு விஷயத்தைக் கெடுத்தாள். பிறகு போவதும் நின்றுவிட்டது.

கல்யாண நாள் நெருங்க நெருங்க அத்தைக்குத் தூக்கம் போனது. அந்தப் பெண்ணிடம் போய் 'என்னால முடியல, கடையில வாங்கிக்கோ' என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. முதல் முறையாகத் தன்னிடம் ஒன்றைக் கேட்டிருக்கிறாள். அதையும் கொடுக்க முடியாவிட்டால் இனிமேல் யார் கேட்கப் போகிறார்கள். ஒருநாள் வேலை விட்டதும் வீட்டுக்குப் போகாமல், பல்லைக் கடித்துக்கொண்டு தம்பி வீட்டுப் படி ஏறினாள்.

பேக்கரிக்காரி சமையலறையில் இருந்தாள். அடுப்பு மேடையில் ஈரத் துணி மூடிய மாவுப் பாத்திரம். அதை ஒட்டி ஒயின் ஜாடி. ஜாடியின் வாயில் ஒரு பழைய துணி, அதைச் சுற்றித் தலைமுடி கட்டும் ரப்பர் வளையம். மேலே சின்னச் சின்ன ஈக்கள் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தன. துணியின் ஓரத்தில் நுரை கசிந்து மேடையில் ஓடி, அங்கே இருந்த ஒரு மின்சாரக் கட்டண ரசீதை நனைத்துக்கொண்டிருந்தது. அத்தைக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் நின்றாள்.

"வாங்க அண்ணி" என்றாள் பேக்கரிக்காரி, ஒரு வருஷத்துக்குப் பிறகு வந்தவரை நேற்று வந்தவரைப் போல வரவேற்று. "உக்காருங்க. நாற்காலியைத் தொடைக்கட்டுமா?"

"வேணாம்." அத்தை உட்கார்ந்தாள். மழை வருமா என்று கேட்டாள். தம்பிக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். வாசல் சாக்கடை அடைத்திருக்கிறதே, ஆள் யாரையும் கூப்பிடவில்லையா என்று கேட்டாள். பேக்கரிக்காரி மாவைப் பிசைந்துகொண்டே எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். எதற்கு வந்தீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவள் எமகாதகி.

கடைசியில் அத்தை பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். பச்சைத் துணியில் சுற்றி, நாடா ஒட்டி, கறுப்புக் கோடுகள் பளிச்சென்று தெரிய, உள்ளே ஒரு காலிப் பாட்டில்.

"உன் ஜாடியிலேருந்து கொஞ்சம் நுரை வேணும்."

பேக்கரிக்காரி பொட்டலத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "இதைப் பிரிக்கணும்னா ஆபரேஷன் தியேட்டருக்குப் போகணுமா?"

"சும்மா இரு."

"கொடுக்கிறேன் அண்ணி. ஆனா மாவுக் கைதான். பரவாயில்லையா?"

அத்தைக்கு முகத்தில் ஈயாடவில்லை. அந்த வீட்டில் ஈயாடாத ஒரே இடம் அதுதான். இத்தனை வருஷமும் அவள் அதை மறக்கவில்லை என்பது அப்போதுதான் அத்தைக்கு உறைத்தது. ஏதாவது சொல்லியிருக்கலாம். "பரவாயில்ல" என்று மட்டும் சொன்னாள்.

பேக்கரிக்காரி அதோடு விடவில்லை. "நுரையை வாங்கிட்டுப் போய் அதையும் கொல்லுவீங்க. நானே வந்து பாக்கறேன்" என்று கிளம்பிவிட்டாள். அத்தை வீட்டு வாசலில் செருப்பு மாற்றினாள், கூடத்தில் மாற்றினாள், சமையலறையில் மாற்றினாள். "இன்னும் எத்தனை ஜோடி?" என்று கேட்டாள். ஜாடியின் மூடியைத் திறந்து மூக்கை நீட்டினாள். திராட்சை வாசனைக்குப் பதிலாகத் தீக்குச்சி உரசிய நெடி மூக்கில் ஏறி, தும்மல் வந்தது. ஜாடியைப் பார்த்துத் தும்மாமல் திரும்பித் தும்மினாள். அதை அத்தை கவனித்தாள்.

"என்ன போட்டீங்க?"

அத்தை சொன்னாள். சூடு, மாத்திரை, இறுக்கமான மூடி, எதையும் மறைக்கவில்லை. கேட்கக் கேட்க பேக்கரிக்காரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஈஸ்ட்டே ஒரு கிருமிதானே அண்ணி."

அத்தை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். படித்திருக்கிறாள், தெரியாத விஷயம் இல்லை. ஆனால் கடையில் பொட்டலமாக விற்கிற ஒன்றை அந்தக் கண்ணோடு அவள் பார்த்ததே இல்லை. வாழ்நாள் முழுக்கக் கொன்றுதான் பழக்கம். ஒன்றை உயிரோடு வைத்துக்கொள் என்று சொன்னால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை.

"இப்ப இதுல என் நுரையை ஊத்தினா அதுவும் செத்துடும்" என்றாள் பேக்கரிக்காரி. "முதல்ல மூடியைக் கழட்டிட்டு மெல்லிசா ஒரு துணியைக் கட்டுங்க. வந்து போகும்போதெல்லாம் கரண்டியைப் போட்டு நல்லா கலக்கி விடுங்க. இந்த நெடி போகணும். ஆரம்பத்துல அதுக்கும் மூச்சு விடக் காத்து வேணும். நொதிச்சு முடிச்ச பிறகுதான் காத்து ஆகாது."

"துணி கொதிக்க வெச்ச துணியா இருக்கலாமா?"

"இருக்கலாம் அண்ணி. அது உங்க இஷ்டம்."

நெடி போன பிறகு மறுபடியும் வந்தாள். ஒரு கிண்ணத்தில் தன் வீட்டு நுரையை விட்டு, அத்தையின் திராட்சைச் சாற்றிலிருந்து ஒரு கரண்டி எடுத்துச் சேர்த்தாள். அது பழகிப் பொங்கிய பிறகு இன்னொரு கரண்டி. "ஒரேயடியா ஜாடியில தள்ளினா மிரண்டு போயிடும். கொஞ்சம் கொஞ்சமா ஊட்டணும்" என்றாள். பிறகு கிண்ணத்துக்குள் தன் விரலை விட்டுச் சூடு பார்த்தாள். அத்தை கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீங்களும் விட்டுப் பாருங்க. நான் இல்லாதப்ப உங்களுக்குத் தெரியணுமே."

"தெர்மாமீட்டர் இருக்கு."

"விரலை விடுங்க அண்ணி. குழந்தையைக் குளிப்பாட்டுற சூடு இருக்கணும். உங்களுக்குத் தெரியாததா? நம்ம பொண்ணை முதல்ல குளிப்பாட்டினது நீங்கதானே."

அத்தை கையுறையைக் கழற்றினாள். ஆள்காட்டி விரலைக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள், பிறகு கிண்ணத்தில் விட்டாள். உள்ளே ஏதோ கிசுகிசுவென்று விரலைச் சுற்றி அசைந்தது. எடுக்கத் தோன்றவில்லை. அந்தச் சூடு அவளுக்கு நன்றாகத் தெரிந்த சூடுதான்.

அதன் பிறகு அத்தை அந்தக் கிண்ணத்தை வளர்த்த அழகைச் சொல்லி மாளாது. குளிர்ந்துவிடுமோ என்று துணி போர்த்தினாள், போர்த்தினால் மூச்சு முட்டுமோ என்று எடுத்தாள். ஆஸ்பத்திரியில் மதிய வேளையில் தன்னோடு வேலை செய்கிறவர்களிடம் "காலையில கொஞ்சம் சோர்வா இருந்துச்சு" என்று கவலைப்பட்டாள். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அவர்கள் நினைத்து, பழம் வாங்கிக் கொடுத்தனுப்பினார்கள். கிண்ணம் சட்டியாயிற்று, சட்டி நிறைந்து ஜாடிக்குள் போயிற்று, ஜாடிக்கு மூடியும் குழாயும் திரும்ப வந்தன. மறுநாள் அத்தை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது சமையலறையிலிருந்து 'புளக்' என்று ஒரு சத்தம். வாயில் நுரையோடு ஓடிப்போய் நின்றாள். தம்ளர் தண்ணீரில் இன்னொரு குமிழி வந்து உடைந்தது.

போனை எடுத்தாள். "வந்துடுச்சு."

"யாரு அண்ணி?" என்றாள் பேக்கரிக்காரி தூக்கக் கலக்கத்தில்.

"குமிழி."

இனிமேல் பேக்கரிக்காரி சொல்வதை அத்தை கேட்டு நடப்பாள் என்று நினைத்தால் அத்தையைத் தெரியவில்லை என்று அர்த்தம். குமிழி குறைய ஆரம்பித்ததுமே பேக்கரிக்காரி, "பாட்டில்ல ஊத்திடலாம். எதுக்குக் காத்துக்கிட்டு?" என்றாள். அத்தை ஜாடிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"முழுசா நிக்கல. ருசி பாரு, இன்னும் தித்திப்பு இருக்கு. இப்ப மூடினா உள்ளயே நொதிச்சு வெடிக்கும்."

"நான் எப்பவும் இந்தச் சமயத்துலதான் ஊத்துவேன்."

"அதான் எப்பவும் வெடிக்குது."

பேக்கரிக்காரிக்குச் சுருக்கென்றது. ஆனால் மின்விசிறி ஞாபகத்துக்கு வந்ததாலோ என்னவோ, வாயை மூடிக்கொண்டாள். குமிழி அடியோடு நின்று, கசடு கீழே படிந்து, மேலே தெளியும் வரை அத்தை ஒற்றைக்காலில் நின்றாள். ஒயினைச் சலசலவென்று கொட்டவிடாமல், குழாய் போட்டு, கசடு கலங்காமல், மெதுவாகப் பாட்டிலில் இறக்க வைத்தாள். ஒரு ஈயை உள்ளே விடவில்லை; ஒன்று வந்தது, அதன் கதி என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை. பாட்டில்கள் எல்லாம் ஆவியில் இருந்து வந்தவை. "முழங்கை வரைக்கும் கழுவு" என்று அத்தை சொன்னபோது ஒரு கணம் இருவருமே அசையவில்லை. பிறகு பேக்கரிக்காரி, டாக்டர்கள் செய்கிற மாதிரி இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "போதுமா டாக்டர்?" என்றாள். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெகு நாளாகச் சிரிக்காததால் அது இருமல் மாதிரி வெளியே வந்தது.

கல்யாண விருந்து நடந்த மண்டபத்தில் அத்தை ஒரு தூணை ஒட்டி நின்றுகொண்டாள். பரிமாறுகிறவர்கள் தட்டில் சின்னச் சின்னக் கிளாஸ்களை வைத்துக்கொண்டு போனார்கள். அத்தை ஒருவருடைய முகத்தையும் விடவில்லை. யாரும் கண்ணை மூடவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவர்கள், இது அத்தை கையால் வந்ததா என்பது போல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா காலிக் கிளாஸை நீட்டி, "இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?" என்று கேட்டாள். அத்தைக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

"யார் செஞ்சது? நீங்களா?" என்று அந்த அம்மாள் பக்கத்தில் இருந்த பேக்கரிக்காரியைக் கேட்டாள்.

"எங்க அண்ணி. நான் கிட்டயே போகல."

அத்தையால் பொறுக்க முடியவில்லை. கோடு தெரியாத பொட்டலத்தை வெளியே விட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. தூணை விட்டு வந்து, "பொய் சொல்றா. உயிர் கொடுத்ததே அவதான்" என்றாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கிளாஸ் நிறைந்ததும் புரிய வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று.

கூட்டம் கலைந்த பிறகு, மண்டபத்தின் பின்பக்கத் தொட்டியில் இரண்டு பேரும் கிளாஸ் கழுவினார்கள். வேலைக்கு ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் கழுவுகிற விதம் சரியில்லை என்று அத்தை அவர்களை அனுப்பிவிட்டாள்.

"என் மேல உன் பொண்ணுக்கு எவ்வளவு நம்பிக்கை பாரு" என்றாள் அத்தை. அன்றைக்கு அவளுக்கு வாய் அடங்கவில்லை. "எத்தனையோ பேரு இருக்க, தேடி வந்து என்கிட்டதான் கேட்டா."

பேக்கரிக்காரி தண்ணீரைக் கொட்டினாள். "அவளா எங்க கேட்டா அண்ணி. கடையில வாங்கிக்கலாம்னுதான் இருந்தா. நான்தான் அத்தைகிட்ட போய்க் கேளுன்னு அனுப்பிச்சேன்."

அத்தையின் கை நின்றது. இத்தனை மாதமும் எதைப் பிடித்துக்கொண்டு ஓடினாளோ, அது நழுவிப்போனது.

"எதுக்கு அனுப்பிச்சே?"

"உங்க கையில ஈஸ்ட் பொழைக்காதுன்னு எனக்குத் தெரியும். எல்லாம் செஞ்சு பாத்துட்டு, வேற வழியில்லாம என்கிட்டதான் வருவீங்கன்னும் தெரியும்." அவள் அத்தையைப் பார்க்கவில்லை. கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இவளும் இன்னிக்குப் போயிட்டா. உங்க தம்பி எந்நேரமும் பஸ்ஸுலயே கிடக்கிறாரு. நான் அந்த வீட்ல யாரோட பேசுவேன்? நானா வந்து கூப்பிட்டா நீங்க வருவீங்களான்னு எனக்குத் தெரியல. அன்னிக்கு அத்தனை பேருக்கு முன்னாடி அப்படிச் சொன்னீங்களே. எனக்குக் கோபம் இருந்துச்சு, அதைவிட உங்க மேல ஆசையும் இருந்துச்சு. ரெண்டையும் வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியல."

தன்னிடம் ஆசையாக ஒன்றைக் கேட்டவள் யார் என்று இத்தனை நாளும் அத்தை தப்பாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்டுப் பழக்கமில்லாததால் வார்த்தை வரவில்லை. கழுவி முடித்த கிளாஸ்களைக் கவிழ்த்து அடுக்கினாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு மத்தியானம் என்ன சமைக்கப் போறே?"

"ஏன் அண்ணி?"

"சாப்பிட வரலாம்னு."

பேக்கரிக்காரி திரும்பிப் பார்த்தாள். பிறகு மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "வாங்க. உங்களுக்குன்னு தனியா நல்லா கொதிக்க வெச்சு எடுத்து வைக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"வேணாம்" என்றாள் அத்தை. "நீ எப்பவும் எப்படிப் பண்ணுவியோ, அப்படியே பண்ணு."